நான் சொன்னது பேத்தை

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதில் உட்காருங்கள். மாடி சாவி என் வீட்டுக்காரியிடம் இருக்கிறது. செடி நர்சரி வரைக்கும் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். வீடு பார்க்க வந்தவரை வெயிலில் நிற்கவைக்கக் கூடாது. ஒன்று மட்டும், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சத்தம் அதற்குத்தான் ஆகாது. அந்தத் தொட்டியில் இருக்கிறதே, அதற்கு.

தேய்ப்புக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள். நயினார் அண்ணாச்சி வீடா, அந்தப் பேத்தி வீடுதானே என்று கேட்டிருப்பார்கள். கேட்டார்களா இல்லையா? நீங்கள் தலையைக் குனிவதைப் பார்த்தாலே தெரிகிறது. குடிவருகிறவருக்கு வீட்டு விவரம் தெரிய வேண்டும். தண்ணீர் எப்போது வரும், மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது, இதெல்லாம் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி இதுவும் தெரிய வேண்டும். ஊர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்பது நல்லது.

எனக்குப் பேத்தி கிடையாது. ஒரே மகன் கதிரேசன், ஓசூரில் இருக்கிறான். அவனுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். எனக்கு இருப்பது பேத்தை. பேத்தி இல்லை, பேத்தை. ஐகாரம்.

நீங்கள் தூத்துக்குடிக்காரர் இல்லை போலிருக்கிறது. இந்த ஊர்க் கடலில் ஒரு மீன் உண்டு. தொட்டால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும். உடம்பெல்லாம் விஷம். வலையில் வந்தால் கரையிலேயே வீசிவிட்டுப் போய்விடுவார்கள், காக்காய்கூட யோசித்துத்தான் பக்கத்தில் வரும். அதன் பெயர்தான் பேத்தை. இது அதில் குட்டி இனம். கடலில் இல்லை, ஆற்றில், நல்ல தண்ணீரில் இருப்பது. மொச்சைக்கொட்டை அளவுதான். இதற்கு மேல் வளராது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ‘தை’ வேறு ‘தி’ வேறு என்று எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் கல்லூரிவரை படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

நான் உப்புக் கம்பெனியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். லாரியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். மனதுக்குள் எண்ணினால் நடக்காது. சுமைக்காரர்கள் பேச்சுக் கொடுத்தே குழப்பிவிடுவார்கள். வாய்விட்டு எண்ண வேண்டும். ஊரில் யாரோடும் நான் அதிகம் பேசமாட்டேன், கூச்சம். கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் எண்ணுவது என்றால் கூச்சம் கிடையாது. வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. இட்லி எண்ணுவேன், தேங்காய் எண்ணுவேன், கொடியில் துணிக்கு மாட்டுகிற கிளிப்பை எண்ணுவேன். பீடி கிடையாது, பொடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. எண்ணுவேன், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒருவன் கூட இருப்பதில் என்ன கஷ்டம் இருக்க முடியும், சொல்லுங்கள்.

போன தீபாவளிக்கு உலகம்மாள் அதிரசம் சுட்டாள். உலகம்மாள் என் வீட்டுக்காரி. அவளுடைய தம்பி ஆத்திமுத்து, அவன் சம்சாரம், மகனுடைய மாமனார் மாமியார் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். நான் டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று குறைந்தது. மூன்று குறைகிறது என்று சொன்னேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. குறைகிறது என்று மட்டும் சொன்னேன். ஆத்திமுத்து கையில் பாதி கடித்தது ஒன்று இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் கணக்குச் சரிதான், விட்டுவிட்டேன்.

மறுநாளே உலகம்மாள் காற்று மாற்றத்துக்காக ஓசூருக்குப் போனாள். அங்கே நல்ல காற்று. பொங்கலுக்கு வரவில்லை. மாசி போய்ப் பங்குனியும் வந்தது. போன் பண்ணுவேன். அவள் எடுத்தவுடன் எனக்கு வாய் வராது. சிலிண்டர் தீரப்போகிறது, சொல்லிவைக்கவா என்று கேட்பேன். சொல்லிவையுங்கள் என்பாள். வைத்துவிடுவாள். வா என்று கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். போகத் தெரிந்தவளுக்கு வரத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் ஆத்திமுத்து கடைத்தெருவில் பார்த்துச் சொன்னான், அக்கா இனிமேல் ஓசூரிலேயே இருந்துகொள்வாளாம், அவளுடைய நல்ல சேலைகளை மூட்டை கட்டி அனுப்பச் சொன்னாளாம். அன்றைக்கு முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு. வெயில் காலத்தில் எனக்கு அப்படி வருவதுண்டு. சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். எண்ணினேன். கட்டவில்லை. மறுபடி பீரோவில் வைத்தேன். மறுநாளும் எடுத்து வைத்தேன்.

வயிற்றுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் மைதீன் பாய் கடை. வண்ண மீன் கடை. வாசலில் ஒரு கண்ணாடிப் புட்டியில் இது தனியாக நின்றுகொண்டிருந்தது. நீந்தவில்லை தம்பி, நின்றது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அதே நேரத்தில் இன்னொரு கண்ணால் தெருவைப் பார்த்தது. இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பின. இப்படி ஒரு கண் லாரிமேலும் ஒரு கண் மூட்டைமேலும் வைக்க எனக்கு முடிந்திருந்தால் கம்பெனியில் என்னை விட்டிருக்கவே மாட்டார்கள். இது என்ன மீன் என்று கேட்டேன். பேத்தை என்றார். எங்கள் ஊரில் குப்பையில் வீசுகிற பேத்தையா என்றேன். அதேதான், ஆனால் இது பம்பை ஆற்றுப் பக்கத்து இனம், நானே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்தது என்றார். மற்ற மீன்களோடு ஏன் விடவில்லை என்று கேட்டேன்.

“இது கோவக்காரப் பிள்ளை அண்ணாச்சி. கூட எதைப் போட்டாலும் வாலைக் கடிச்சிரும். தனியாத்தான் இருக்கும். ஆனா தனியா இருக்குன்னு வெறும் கண்ணாடியில விட்டுறக் கூடாது. கோவம் வந்தா போயி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்க அதுக்கு ஒரு மறைவு வேணும். மறைவு இல்லாட்டி ஏங்கியே செத்துரும்.”

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. ஒரு உயிருக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. இதை எனக்குக் கொடுங்கள் என்றேன். உடனே தரமாட்டேன் என்றார். முதலில் தொட்டி வைக்க வேண்டும், செடி வைக்க வேண்டும், தண்ணீர் பக்குவமாக வேண்டும், பிறகுதான் மீன் என்றார். சரி என்றேன். அவசரம் எனக்கும் ஆகாது.

உள்ளே அந்தச் சின்ன அறையில் பழைய சாக்கும் தராசும் கிடந்தன. எல்லாவற்றையும் வெளியே போட்டேன். உலகம்மாள் தையல் மிஷின் வைக்க அந்த அறையைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்கு இருந்ததால் கொடுக்க முடியவில்லை. இரண்டடித் தொட்டி வாங்கினேன். கறுப்பு மணலை, கழுவின தண்ணீர் தெளிகிறவரை கழுவினேன். பிடித்த குழாய்த் தண்ணீரை அண்டாவில் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றினேன். ஒரு மரவேரை ஊறப்போட்டு அதன் கறை இறங்குகிறவரை தண்ணீர் மாற்றினேன். பின்னால் வேலம்பாசி, நடுவில் கொட்டிக்கிழங்குச் செடி, வேரின்மேல் நூலால் கட்டிய பாசி. தண்ணீரைச் சுத்தம் பண்ண ஒரு பஞ்சும், அதற்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டாரும். மேலே ஒரு விளக்கு.

முதலில் செடியெல்லாம் இலை அழுகி உதிர்ந்தது. நான் செய்தது எதுவோ பிழை என்று மைதீன் பாயிடம் ஓடினேன். இடம் மாறினால் முதலில் எல்லாம் அப்படித்தான், வேர் பிடித்தால் தளிர்க்கும், கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றார். தளிர்த்தது. தண்ணீர் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சின்னப் புட்டியில் சொட்டு மருந்து கொடுத்தார். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அதை விட்டால் பச்சையாகும், என்றைக்கு மஞ்சளாகவே நிற்கிறதோ அன்றைக்கு மீன் விடலாம் என்றார். நானும் தினமும் பார்த்தேன். பச்சை. பச்சை. பச்சை.

இந்த இடைக்காலத்தில்தான் எல்லாம் நடந்தது.

பாருங்கள், குப்பையில் வீசுகிற மீனைக் கண்ணாடியில் வைத்து வளர்க்கிறான் என்றால் இந்த ஊர் சிரிக்கும். அதனால் தொட்டியை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லிப் பழக்கம் இல்லை. அறையில் பிளக் வைக்க வந்த எலக்ட்ரீஷியன் எதற்கு என்று கேட்டார். பேத்தை வரப்போகிறது என்றேன். அவர் சந்தோஷப்பட்டு ஒரு சுவிட்சைக் கீழே வைக்காமல் உயரத்தில் வைத்துக்கொடுத்தார். பிள்ளை கை வைத்துவிடும் என்றார். அதற்குக் கையே கிடையாது, துடுப்புத்தான் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த வீட்டுப் பட்டுக்கனி இருக்கிறாளே, அவள் உலகம்மாளுக்குத் தங்கை மாதிரி. நான் வாசலில் மணல் கழுவுவதைப் பார்த்துவிட்டு என்ன அண்ணாச்சி என்று கேட்டாள். பேத்தைக்கு என்றேன். அப்படியே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதும் நான் சொன்னதும் அப்படியே எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சொல்கூட நான் தவறாகச் சொல்லவில்லை.

“எப்ப வருது?”

“தண்ணி பக்குவமானதும்.”

“எந்த ஊர்லேருந்து?”

“பூர்வீகம் கேரளா. பம்பை ஆத்துப் பக்கம்.”

“யாரு சாயல் அண்ணாச்சி?”

“யாரு சாயலும் இல்ல. உடம்பெல்லாம் புள்ளி.”

அவள் முகம் ஒருமாதிரி ஆனது. என்ன சாப்பிடும் என்று கேட்டாள். நத்தை என்றேன். மூலத்துக்கு நத்தை கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, இந்த வயசிலேயேவா என்றாள். நோய்க்கு இல்லை, பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓட்டைக் கடித்தால்தான் தேயும் என்று விளக்கினேன். கூடப் பிறந்தது உண்டா என்று கேட்டாள். நிறைய உண்டு, ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும், அதனால்தான் நான் இதை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்றேன். நீங்கள் நல்லவர் அண்ணாச்சி, எப்படியிருந்தாலும் பெரிய மனசு உங்களுக்கு என்று சொல்லி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மீனுக்கு இவ்வளவு இரக்கப்படுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

அவள் நேரே போய் ஓசூருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அங்கே இரண்டும் பேரன்கள். பேத்தி என்றால் எந்த வழிப் பேத்தி? உப்பு லோடு கொல்லத்துக்குப் போகும்போது நான் இரண்டு தடவை லாரியில் கூடப் போயிருக்கிறேன். போதாதா? கேரளாவில் எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் ஒரு மகள், மகளுக்குப் பிள்ளைகள் பல, அதில் ஒன்று உடம்பெல்லாம் புள்ளியோடு நத்தை தின்று பல் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்து சேரப்போகிறது. இப்படி ஆகிவிட்டது தம்பி. கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் சாப்பிடுகிற எனக்கு.

எனக்கு இதொன்றும் தெரியாது. தண்ணீர் மஞ்சளானது, மீன் வந்தது, விட்டேன். முதல் நாள் நத்தையை ஒவ்வொன்றாகப் போட்டு வாய்விட்டு எண்ணினேன். ஒன்று என்றதுமே பேத்தை செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. நாள் முழுக்க வரவில்லை. மறுநாளும் அப்படியே. மைதீன் பாயிடம் சொன்னேன். அவர் கடையிலும் நான் தொட்டி தொட்டியாக எண்ணிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். முதலில் இந்த எண்ணுவதை நிறுத்துங்கள் அண்ணாச்சி, எனக்கே திக்கென்று இருக்கிறது, அது சின்ன உயிர் என்றார். நிறுத்தினேன். வாய்க்குள்ளேயே எண்ணக் கற்றுக்கொண்டேன். இந்த வீட்டில் மறு மூலையில் எண்ணினாலும் அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, அதனால் தேங்காயும் இட்லியும்கூட வாய்க்குள்தான். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது வெளியே வந்தது. கண்ணாடி ஓரத்தில் நின்று ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

ஒருநாள் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. உலகம்மாள் இறங்கினாள். ஆத்திமுத்து இறங்கினான். பட்டுக்கனி தன் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். மகன் போனில் இருந்தான், ஆத்திமுத்து போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை.

“எங்க அவ?”

யார் என்று கேட்டேன். பேத்தி என்றாள். பேத்தை என்றேன். அதைத்தான் கேட்கிறேன், எங்கே என்றாள். சின்ன அறையைக் காட்டினேன். எல்லாரும் உள்ளே போனார்கள். தொட்டியைப் பார்த்தார்கள். கட்டிலைத் தேடினார்கள், தொட்டிலைத் தேடினார்கள். நான் தொட்டியைத் தொட்டுக் காட்டி, இதற்குள்தான் இருக்கிறது என்றேன். ஆத்திமுத்து குனிந்து பார்த்தான். இவ்வளவு பேரைப் பார்த்து அது செடிக்குள் ஒளிந்துவிட்டது. பச்சையைத் தவிர அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அத்தான், உள்ள ஒண்ணுமே இல்லையே.”

இருக்கிறது, புது ஆட்களைப் பார்த்தால் வெளியே வராது, கூச்சம் என்றேன். அவன் நிமிர்ந்து உலகம்மாளைப் பார்த்தான். போனில் மகன், அப்பாவை உட்காரவையுங்கள் மாமா, அதட்டாதீர்கள் என்று சொல்வது எனக்குக் கேட்டது. பட்டுக்கனி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு குடும்பம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லையே அக்கா என்றாள். பாளையங்கோட்டையில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று ஆத்திமுத்து மெதுவாகச் சொன்னான்.

எனக்கு அவ்வளவு பேர் நடுவில் பேச வரவில்லை. எல்லாரும் தள்ளிப்போய் உட்காருங்கள், யாரும் பேசாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். பயத்திலோ என்னவோ உட்கார்ந்தார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி அந்தச் சின்ன அறைக்குள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போனில் மகனும் பேசாமல் இருந்தான். காற்று மோட்டார் மட்டும் ஓடியது.

கொட்டிக்கிழங்கு இலை அசைந்தது. அது வெளியே வந்து கண்ணாடி ஓரத்தில் நின்றது. ஒரு கண் என்மேல். இன்னொரு கண்ணைத் திருப்பி உலகம்மாளைப் பார்த்தது. உலகம்மாள் எழுந்து பக்கத்தில் போனாள். கண்ணாடியைத் தொட்டு, மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தாள்.

“இதுவா பேத்தி?”

“பேத்தை.”

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை தெரியாது. கேட்டும் சொல்லவில்லை. ஆத்திமுத்து போனில் மகனிடம், மீன்டா மாப்பிள்ளை, மீனு, மீனு என்று மூன்று தடவை சொன்னான்.

எல்லாரும் போன பிறகு அவள் இட்லி அவித்துத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

“என்ன, எண்ணலையா?”

“பேத்தைக்கு ஆகாது. எண்ணுனா போயி ஒளிஞ்சுக்கிடும்.”

“எனக்கும்தான் ஆகாது. இத்தனை வருசமா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது தம்பி. எப்படித் தெரியும் எனக்கு? மீனுக்கு ஆகவில்லையென்றால் செடிக்குள் போய்விடுகிறது, பார்த்தவுடன் தெரிகிறது. இவள் ஒரு நாளும் ஒளிந்தவள் இல்லையே. ஓசூருக்குப் போனது காற்று மாற்றத்துக்கு.

மகன் அவளுக்குத் திரும்பிப்போக ரயிலில் டிக்கெட் போட்டிருந்தான். அந்த நாளும் வந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்கு மறுபடி அந்த வயிற்றுக் கோளாறு. என்னவோ சொல்ல வேண்டும் என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். இப்படி நடந்தால் எப்படி, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்றாள்.

“நீ போயிட்டா நத்தை யாரு எடுக்கது?”

இதுதான் வாயில் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். நர்சரியில் தாமரைத் தொட்டிகளில் குட்டி நத்தை மண்டிக்கிடக்கும், அவள்தான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள். தையல் மிஷினும் அதே அறைக்கு வந்துவிட்டது. மீனுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது, என் சத்தம்தான் பழகவில்லை.

மீன் என்றால் அவளுக்கு உயிர். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள், கண் பட்டுவிடும் என்ற பயம் போலிருக்கிறது. நான் மட்டும் இருக்கும்போது அதைச் சனியன் என்பாள். அதுவும் பாசம்தான். அந்த மீன் இல்லையென்றால் அவள் எப்போதோ ரயில் ஏறியிருப்பாள். அதனால் நான் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் அவள் காதில் போட்டுவிடாதீர்கள். குடிவந்த பிறகும்.

இது அந்த மீன் இல்லை. இரண்டு மாதம் முன்னால் ஒருநாள், அவள் நர்சரிக்குப் போயிருந்த நேரம், அது மணலில் வயிறு ஒட்டிக் கிடந்தது. குச்சியால் தொட்டேன். அசையவில்லை. முதல் நாள் சாயங்காலம்கூட நத்தை கடித்தது. அவள் வந்து பார்த்தால் பெட்டியை எடுத்துவிடுவாள். அதை எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மைதீன் பாய் கடைக்கு ஓடினேன்.

அந்த வாரம் அவரிடம் பேத்தையே இல்லை. கடை முழுக்கத் தேடினேன். கடைசியில் உள்ளே ஒரு மூலையில், செடியெல்லாம் வைத்துத் தனியாக ஒரு புட்டி. அதில் ஒன்று நின்றது. அதைக் கேட்டேன். அவர் தயங்கினார்.

“அது ஒரு அம்மா சொல்லி வச்சது அண்ணாச்சி. எப்பவும் ஒண்ணு இருக்கணும், தீர்ந்துறக் கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போனாங்க. வாரா வாரம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. கையில நத்தை டப்பா இருக்கும்.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, பரவாயில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். சிரித்த மாதிரி இருந்தது. அடுத்தவர் சொல்லிவைத்த பொருளை எடுப்பது தப்புத்தான், எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு வழி இல்லை. அவள் திரும்புவதற்குள் தொட்டியில் விட்டுவிட்டேன்.

உலகம்மாளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை மட்டும், முதுகில் புள்ளி கூடியிருக்குல்லா என்று கேட்டாள். வயசாகுதுல்லா என்றேன். ஆமா, வயசானா எல்லாருக்கும் கூடும் என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள். நம்பிவிட்டாள். அவளுக்கு எதையும் கூர்ந்து பார்க்கிற பழக்கம் இல்லை.

கேட் சத்தம் கேட்கிறதா, அவள்தான். சாவி வாங்கித் தருகிறேன். மாடியில் காற்று நன்றாக வரும்.

அந்த அம்மாவை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மைதீன் பாயிடம் இரண்டு மூன்று தடவை விசாரித்துவிட்டேன். அந்தப் புட்டியில் மறுபடி ஒன்று வைத்தாகிவிட்டதாம். அந்த அம்மா இப்போதும் வாரா வாரம் வந்து பார்க்கிறார்களாம், ஆனால் ஒரு தடவைகூட வாங்கிக்கொண்டு போகவில்லையாம். யாரோ, பாவம். எந்த வீட்டில் தொட்டியை வைத்துக்கொண்டு, தண்ணீர் பக்குவமாகட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்களோ.